கறுப்புக் கத்தியா... பளபளா கத்தியா?

வஞ்சிரம் கிலோ என்ன விலைன்னு எல்லாரும் கேட்போம். அதைத் துண்டு போடுற கத்தி என்ன இரும்புன்னு யாராவது கேட்டிருக்கோமா?

நாகப்பட்டினத்துல காலங்காத்தால மீன் வாங்கப் போய்ப் பாருங்க. அக்கரைப்பேட்டை பக்கம் படகு வந்து, சரக்கு இறங்கி, ஏலம் முடிஞ்சதும் அடுத்த ஆட்டம் மீன் வெட்டுற அக்காக்களோடது. செதில் சீவி, செவுள் பிடுங்கி, குடலை வழிச்சு எறிஞ்சு, 'டக் டக் டக்'னு துண்டு விழும். நாம பர்ஸை எடுக்குறதுக்குள்ள பை ரெடி! அந்த வேகத்துக்குக் காரணம் பாதி கை. மீதி பாதி கத்தி.

அந்தக் கத்தியைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. நம்ம வீட்டு கிச்சன்ல இருக்குற மாதிரி பளபளன்னு இருக்காது. பெரும்பாலும் கறுத்த இரும்பு. முதுகு தடியா, வாய்ப்பக்கம் மட்டும் வெள்ளையா மின்னும். தீட்டித் தீட்டி வயிறு உள்வாங்கியிருக்கும். பக்கத்துலயே ஒரு கல்லு. நாலு மீனுக்கு ஒருதரம் 'சரக் சரக்'னு ரெண்டு தேய்ப்பு, அப்புறம் பழையபடி வெட்டு.

இங்கதான் ஒரு கேள்வி உதைக்குது. நாகப்பட்டினம்னா உப்புத் தண்ணி, உப்புக் காத்து. சைக்கிள் செயின்லேர்ந்து ஜன்னல் கம்பி வரைக்கும் எல்லாத்தையும் துரு தின்னுடும் ஊரு. அந்த ஊர்ல போய், துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை விட்டுட்டு, துருப்பிடிக்கிற இரும்பை ஏன் கையில வெச்சிருக்காங்க? காசு இல்லாததாலயா? அதுவும் ஒரு காரணம்தான். ஆனா அது மட்டும் இல்லை பாஸ். மெட்டலர்ஜி டிபார்ட்மென்ட் ஆளுங்க ஒரு செமஸ்டர் முழுக்கப் படிக்கிற சமாச்சாரம் அதுக்குள்ள இருக்கு.

உப்பு போடாத இரும்பு

சுத்த இரும்பு ரொம்ப சாது. வளைச்சா வளையும், கூர் வெச்சா மழுங்கும். அதுல கார்பனைச் சேர்த்தாதான் எஃகு. எவ்வளவு சேர்க்கணும்? சாம்பாருக்கு உப்பு மாதிரி, கொஞ்சூண்டு! ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் போடுற மைல்டு ஸ்டீல்ல 0.25 சதவீதத்துக்கும் கம்மி. கத்திக்குன்னா 0.5 சதவீதத்துக்கு மேல வேணும். நல்ல கத்தின்னா 1 சதவீதத்தைத் தொடும். 2 சதவீதத்தைத் தாண்டினா அது வார்ப்பிரும்பு. தோசைக்கல்லுக்கு ஆகும், கத்திக்கு ஆகாது. கீழே போட்டா உடைஞ்சுடும்.

கார்பன் இருந்தா மட்டும் போதாது. பட்டறையில செக்கச் செவேல்னு காய்ச்சி, தண்ணியிலயோ எண்ணெயிலயோ 'ஸ்ஸ்ஸ்'னு முக்குறாங்களே, அங்கதான் மேஜிக். சூட்டுல இரும்புக்குள்ள கரைஞ்சிருந்த கார்பன் வெளியே வர நேரமில்லாம உள்ளேயே மாட்டிக்குது. அந்த நெரிசல்லதான் கடினம் வருது. ஆனா அப்படியே விட்டா கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதனால திரும்ப இளஞ்சூடு காட்டிப் பதம் பார்க்கணும். அந்தச் சூட்டைத் தெர்மாமீட்டர் இல்லாம நிறத்தை வெச்சே சொல்லிடலாம். தேய்ச்ச எஃகு 220, 230 டிகிரியில வெளிறின மஞ்சளா மாறும். இங்கிலீஷ் புத்தகத்துல அந்த நிறத்துக்குப் பேரே வைக்கோல் நிறம்! டெல்டாக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இன்னும் சூடேறி 300 டிகிரி பக்கம் போனா நீலம். நீலம் வந்துட்டா ஸ்பிரிங்குக்கு நல்லது, மீன் கத்திக்கு மென்மை ஜாஸ்தி.

ஸ்பிரிங்னதும் ஞாபகம் வருது. நம்ம ஊர்க் கொல்லுப்பட்டறைகள்ல கத்தி, அரிவாளுக்குப் பிடிச்ச சரக்கு எது தெரியுமா? லாரிக்கு அடியில இருக்குற ஸ்பிரிங் பட்டைதான். அதுல கார்பன் சுமார் 0.6 சதவீதம், கூட கொஞ்சம் மாங்கனீஸோ சிலிக்கானோ குரோமியமோ இருக்கும். லட்சம் கிலோமீட்டர் குலுங்கினாலும் உடையாத மாதிரி செஞ்ச எஃகு. ஆயுள் முடிஞ்ச லாரி பழைய இரும்புக் கடைக்குப் போகும். அதோட ஸ்பிரிங் பட்டை அரிவாளா மறுபிறவி எடுக்கும். திருப்பாச்சேத்தி அரிவாள்னு சினிமாவுல பில்டப் கொடுப்பாங்களே, அதுக்கும் தேவை இந்த மாதிரி உடையாத எஃகுதான்.

வெட்டாத கத்தியைக் கண்டுபிடிச்சவர்

1913. இங்கிலாந்துல ஷெஃபீல்டு. ஹாரி பிரியர்லின்னு ஒருத்தர் துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேயாம இருக்க என்ன எஃகு போடலாம்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தார். சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த ஒரு எஃகு துருவே பிடிக்காம அடம் பிடிச்சுது. ஷெஃபீல்டுன்னாலே கத்திக்குப் பேர் போன ஊர். உடனே கத்தி செய்யலாமேன்னு கிளம்பினார். ஆரம்பத்துல உள்ளூர் கத்திக்காரங்க அவரை 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடிச்ச ஆளு'ன்னு கலாய்ச்சாங்க. காரணம், பழைய எஃகைப் பதம் பார்த்த அதே முறையில இதையும் பார்த்தா கடினம் சரியா வரல.

துருப்பிடிக்காத ரகசியம் சிம்பிள். குரோமியம் 10.5 சதவீதத்தைத் தாண்டினா எஃகு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு குரோமியம் ஆக்சைடு தோல் படியும். கீறினா, தானா திரும்ப வளரும். ஆனா கடல் உப்புல இருக்குற குளோரைடு இந்தத் தோலையும் அங்கங்க ஊசி குத்தின மாதிரி துளைக்கும். நாகூர்லயோ வேதாரண்யத்துலயோ கடற்கரையோரம் வீடு இருந்தா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடியில பழுப்புப் புள்ளி விழுந்திருக்கான்னு பாருங்க. அதுதான் இது.

நம்ம வீட்டு டம்ளர், தட்டு, டிபன் பாக்ஸ் எல்லாம் பெரும்பாலும் வேற ரகம். நிக்கல் கலந்தது, காய்ச்சி முக்கினாலும் கடினமாகாது. அதுல கத்தி செஞ்சா வெண்ணெய் வெட்டலாம். கத்திக்குன்னு வர்ற ஸ்டெயின்லெஸ்ல பல தரம் உண்டு. கடையில சல்லிசா கிடைக்குற பிளாஸ்டிக் கைப்பிடிக் கத்தியெல்லாம் அனேகமா கார்பன் கம்மியான 420 வகையறா. ஜெர்மன் கிச்சன் கத்திகள்ல 0.5 சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம். 440சியில கார்பன் 1 சதவீதம் பக்கம். ஜப்பான்காரங்க விஜி10ல கோபால்ட் வரைக்கும் சேர்ப்பாங்க. 2001ல அமெரிக்காவுல வந்த எஸ்30வியில வனேடியம் மட்டும் 4 சதவீதம்! உருக்கின எஃகைப் பவுடராத் தூவி, அந்தப் பவுடரை அழுத்திச் சூடாக்கி செய்யுற சமாச்சாரம் அது.

'அப்படின்னா இருக்குறதுலயே உசத்தியான எஃகை வாங்கிட்டா முடிஞ்சுதே'ன்னு தோணும். அங்கதான் கல்லு குறுக்கே வருது.

கல்லுக்கும் எஃகுக்கும் குஸ்தி

தீட்டுறதுன்னா என்ன? கத்தியைவிடக் கடினமான ஒண்ணை வெச்சுக் கத்தியைச் சுரண்டுறது. அவ்வளவுதான். கடினத்தை விக்கர்ஸ்னு ஒரு அளவுல சொல்வாங்க. நல்லாப் பதம் போட்ட கத்தி சுமார் 700. வாசப்படி கருங்கல்லுல இருக்குற குவார்ட்ஸ் சுமார் 1,100. கல்லு ஜெயிச்சாச்சு! அதனாலதான் நம்ம பாட்டிங்க அம்மிக்கல் ஓரத்துலயும் வாசப்படியிலயும் தேய்ச்சே காலத்தை ஓட்டினாங்க. மீன் வெட்டுற அக்காவுக்கும் அதே கணக்கு. கையில கிடைக்குற எந்தக் கல்லும் அவங்க கத்தியைத் தீட்டிடும்.

இப்ப உசத்தி ஸ்டெயின்லெஸ்ஸை எடுங்க. கார்பனும் குரோமியமும் ஜோடி சேர்ந்து கார்பைடுன்னு குட்டிக் குட்டி மணியா எஃகுக்குள்ள உக்காந்திருக்கும். குரோமியம் கார்பைடு விக்கர்ஸ் 1,500க்கு மேல. அங்க கருங்கல் தோத்துடுது. மணியைச் சுத்தி இருக்குற எஃகைத்தான் தேய்க்கும், மணியைத் தேய்க்காது. சரி, ஹார்டுவேர் கடையில அலுமினியம் ஆக்சைடு கல்லு வாங்குவோம். அது சுமார் 2,000. குரோமியத்துக்குப் போதும். ஆனா எஸ்30வி மாதிரி கத்தியில இருக்குற வனேடியம் கார்பைடு 2,600க்கும் மேல! கார்போரண்டம் கல்லே அதுகிட்ட திணறும். வைரத்தூள் ஒட்டின பிளேட்தான் வேணும். எது ரொம்ப நாள் மழுங்காம இருக்குமோ, அதுவேதான் தீட்டவும் மாட்டேன்னு மல்லுக்கட்டும்.

மலிவு ஸ்டெயின்லெஸ்ல பிரச்னை வேற. சாஃப்டுதான், சீக்கிரம் தேயும். ஆனா விளிம்புல ஒரு பிசிறு எழும்பும் பாருங்க, அது இந்தப் பக்கம் தேய்ச்சா அந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் தேய்ச்சா இந்தப் பக்கம் சாயும். உதிரவே உதிராது. 'தீட்டிட்டேன், நல்லா வெட்டுது'ன்னு சந்தோஷப்பட்டா, ரெண்டு தக்காளியிலேயே பிசிறு மடங்கி, பழைய குருடி கதவைத் திறடி.

இப்ப மீன் அக்கா பக்கமிருந்து யோசிங்க. வெட்டுற கூலி மீனுக்கு மீன், கிலோவுக்குக் கிலோ. செதிலும் முள்ளும் எந்த எஃகையும் சும்மா விடாது. அவங்களுக்கு வேண்டியது பத்து நாளைக்கு மழுங்காத கத்தி இல்லை. மழுங்கினா பத்து நொடியில திரும்பக் கூர் ஏறுற கத்தி. மழுங்கின கத்தின்னா அழுத்தணும், அழுத்தினா வழுக்கும், வழுக்கினா விரல். ராத்திரி கழுவித் துடைச்சு, துளி எண்ணெய் தடவி வெச்சா துருவும் அடங்கும். கழுவாம விட்டாத்தான் ஆபத்து. கூர் விளிம்பு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் தடிமன், அதை உப்பு ஒரே ராத்திரியில தின்னுடும். ஒரு மீன்கூட வெட்டாமலே கத்தி மொக்கையாயிடும். என்னைக் கேட்டா, அந்த இடத்துக்கு அந்தக் கறுப்புக் கத்திதான் சரி. எஸ்30விக்கு அங்க வேலையே இல்லை.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? தீட்டுற கல்லுன்னு இவ்வளவு பேசுறோமே, காவிரி டெல்டாவுல கல்லே கிடையாது! எல்லாம் வண்டல். நெல்லு விளையும், கல்லு விளையாது. அம்மியும் ஆட்டுக்கல்லும் வெளியூர்லேர்ந்து வந்து சேர்ந்தவைதான். அவ்வளவு ஏன், பெரிய கோயில் கருங்கல்லே வெளியிலேர்ந்து கொண்டுவந்ததுதானே.

ஃபாரடே தேடின நம்ம ஊர் எஃகு

எஃகு விஷயத்துல நாம ஒண்ணும் நேத்து முளைச்சவங்க இல்லை. ஈரோடு பக்கம் கொடுமணல்லயும், பழைய தென்னார்க்காடு மேல்சிறுவளூர்லயும் மூசை வெச்சு எஃகு உருக்கின தடயங்கள் கிடைச்சிருக்கு. சின்ன மண் மூசை, உள்ள இரும்புத் துண்டு, கூட ஆவாரங்கட்டை, மேல எருக்கிலை. வாயை மண்ணால அடைச்சு, துருத்தி ஊதி மணிக்கணக்கா சூடேத்தினா கட்டையும் இலையும் கருகி, கார்பன் இரும்புக்குள்ள ஏறிடும். இப்படித்தான் செய்யுறாங்கன்னு 19ஆம் நூற்றாண்டுல வெள்ளைக்காரங்க எழுதி வெச்சிருக்காங்க. சுமார் 1.5 சதவீதம் கார்பன்! ஐரோப்பாக்காரங்க இதுக்கு 'வூட்ஸ்'னு பேர் வெச்சாங்க. நம்ம 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' இதுங்கதான் திரிஞ்சு அப்படி ஆயிருக்கும்ங்கறாங்க.

1795ல லண்டன் ராயல் சொசைட்டியில ஜார்ஜ் பியர்சன் இதைப் பத்திக் கட்டுரையே வாசிச்சார். அப்புறம் வந்தார் மைக்கேல் ஃபாரடே. பிசிக்ஸ்ல நம்மளை ஒருவழி பண்ணின அதே ஃபாரடேதான். கரண்டுக்கு முன்னாடி அவர் கை வெச்சது நம்ம ஊர் எஃகுல! அப்பா ஒரு கொல்லர். ஜேம்ஸ் ஸ்டோடர்ட்ங்கற கத்திக்காரரோட சேர்ந்து 1818லேர்ந்து நாலஞ்சு வருஷம் வூட்ஸை அலசினார். சிலிக்காவும் அலுமினாவும் கலந்ததாலதான் இதுக்கு இந்த குணம்னு முடிவு பண்ணினார். அது தப்புன்னு பின்னால தெரிஞ்சுது. ஆனா அந்தத் தேடல்லதான் எஃகுல வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், குரோமியம்னு ஒவ்வொண்ணாக் கலந்து பார்த்தாங்க. உலோகக் கலவை எஃகு ஆராய்ச்சிக்கே அது பிள்ளையார் சுழி.

இன்னொரு ஆள் நம்ம நாகையிலேர்ந்து வடக்கே, இதே கடற்கரையில இருந்தவர். ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனி உத்தியோகத்தை விட்டுட்டு 1830கள்ல பரங்கிப்பேட்டையில இரும்பாலை நடத்தினார். தாது சேலம் பக்கத்துலேர்ந்து, எரிபொருள் காட்டுக் கரி. ஆலையில அவருக்குக் காசு தேறல. இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் கார்பைடு சேர்த்தா மலிவு இரும்புலயும் நல்ல எஃகு வரும்னு 1839ல காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? மாங்கனீஸைத் தனியா, கரியைத் தனியா மூசையில போட்டு, 'நாங்க உன் முறையைப் பயன்படுத்தலையே'ன்னு கை விரிச்சுட்டாங்க. கோர்ட்டு, கேஸுன்னு அலைஞ்சே 1851ல ஹீத் செத்துப்போனார். 1855ல பிரபுக்கள் சபை கொடுத்த கடைசித் தீர்ப்பும் அவர் தரப்புக்குப் பாதகம்தான். சட்டக் கல்லூரி நண்பர்களே, பேடன்ட் பேப்பருக்கு இது செம கேஸ்!

இவ்வளவு பெருமை இருந்தும் ஃபாரின் மோகம் அப்பவே உண்டு. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையில இருந்த கட்டாரிகள் இப்ப எழும்பூர் மியூசியத்துலயும், நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் வரைக்கும் இருக்கு. கைப்பிடி நம்ம ஆளுங்க வேலைப்பாடு, யாளி, இலைக்கொடின்னு அசத்தும். அலகை மட்டும் பாருங்க, பலதும் ஐரோப்பாவுலேர்ந்து கப்பல்ல வந்த வாளை வெட்டிப் பொருத்தினது!

கருக்கு போச்சு

டெல்டாவுல கத்தியைவிட முக்கியமான ஆயுதம் ஒண்ணு இருந்துச்சு. கருக்கரிவாள். உள்வளைவுல ரம்பம் மாதிரி பொடிப்பல். நெற்பயிர் பார்க்கத்தான் புல்லு. அதோட தாள்லயும் இலையிலயும் சிலிக்கா, அதாவது மணலோட சொந்தக்காரன், ஏராளம். உமியை எரிச்சுப் பாருங்க, அந்தச் சாம்பல்ல சுமார் 90 சதவீதம் சிலிக்காதான். அப்படிப்பட்ட பயிரை நாள் முழுக்க அறுத்தா எந்தக் கூரும் நிக்காது. அதனாலதான் பல்லு வெச்ச அரிவாள். பல்லு தேஞ்சா கொல்லர்கிட்ட போய் உளியால திரும்பக் கருக்கு வெட்டிக்கணும். குறுவைக்கு ஒருதரம், சம்பாவுக்கு ஒருதரம்னு பட்டறையில கூட்டம் நிக்கும்.

இப்ப வயல்ல பெல்ட் போட்ட அறுவடை மிஷின் இறங்கி, ஒரு ஏக்கரை ஒரு மணி நேரம் பக்கத்துல முடிச்சுடுது. வசதிதான், அறுப்புக்கு ஆள் கிடைக்காத காலத்துல வேற வழியும் இல்லை. ஆனா கருக்கு வெட்டுற வேலை போச்சு. அந்த வேலை போனா பட்டறை போகும். பட்டறை போனா மீன் கத்திக்குப் பதம் போட்டுக் கொடுக்க ஆள் எங்கே? சைக்கிள்ல சாணை மாட்டி, மிதிச்சுக்கிட்டே தெருத்தெருவா வர்றவரையும் இப்ப அபூர்வமாத்தான் பார்க்க முடியுது. கரன்ட் கிரைண்டர் வெச்ச கடையில கொடுத்தா சில பேரு பொறி பறக்க ஒரே அமுக்கு அமுக்குறாங்க. விளிம்புல நீலம் படர்ந்துச்சுன்னா புரிஞ்சுக்கோங்க, பதம் போச்சு. மேல சொன்னேனே, அந்த 300 டிகிரி! அந்த இடத்தைத் தேய்ச்சுத் தீர்க்குற வரைக்கும் கூர் நிக்காது. இடையிடையே தண்ணியில முக்கித் தேய்க்கச் சொல்லிக் கேளுங்க. கோவிச்சுக்க மாட்டாங்க.

ரூம் போட்டுச் சமைக்கிறவங்களுக்கு

ஹாஸ்டலை விட்டுட்டு நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்துச் சமைக்கிற பார்ட்டிகளே, உங்க மொக்கைக் கத்தியை நீங்களே தீட்டிக்கலாம். ஹார்டுவேர் கடையில ஒரு பக்கம் சொரசொர, மறுபக்கம் நைஸ்னு ரெட்டைக் கல்லு கிடைக்கும். ஈரத்துணி மேல வையுங்க, நகராது.

கோணம்தான் எல்லாமே. பேப்பரோட மூலை 90 டிகிரி. ஒருதரம் மடிச்சா 45. இன்னொருதரம் மடிச்சா 22.5. அதுதான் சாதா கிச்சன் கத்திக்குக் கிட்டத்தட்ட சரியான கோணம். அந்த மடிப்பைக் கல்லு மேல வெச்சு, கத்தியை அது மேல சாய்ச்சுப் பார்த்துக் கையைப் பழக்குங்க. நாலரை சென்டிமீட்டர் அகலக் கத்தின்னா முதுகு ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் மாதிரி தூக்கியிருக்கும். ஒரு பக்கமே தேய்ங்க. மறுபக்க விளிம்புல நகத்தை வெளிப்பக்கமா இழுத்தா ஒரு சொரசொரப்பு தட்டுப்படும், அதான் பிசிறு. முழு நீளத்துக்கும் அது வந்தாத்தான் பக்கம் மாத்தணும். நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். பிசிறு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தேய்ச்சுட்டு 'கல்லு சரியில்லை'ம்பாங்க. அப்புறம் நைஸ் பக்கம். கடைசியா பழைய லெதர் பெல்ட்டுல பின்னோக்கி இழுத்தா பிசிறு உதிரும்.

கல்லு வாங்கவும் காசில்லையா? பீங்கான் டீ கப்பைக் கவுத்துங்க. அடியில பாலிஷ் இல்லாத ஒரு வளையம் இருக்கும். அதுவும் கல்லுதான். அவசரத்துக்கு அமர்க்களமா வேலை செய்யும். கூர் வந்துச்சான்னு பார்க்கக் கட்டைவிரலை நீட்டாதீங்க. பழுத்த தக்காளி மேல கத்தியை வெச்சு, அழுத்தாம இழுங்க. தோல்ல இறங்குச்சுன்னா பாஸ் மார்க்!

அப்புறம் ஒரு சட்ட சமாச்சாரம். 9 அங்குலத்துக்கு மேல நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்து, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோன்னு செய்யாத கத்தின்னா ஆயுதச் சட்ட விதிகள் கணக்குல அது ஆயுதம். பட்டாக்கத்தியில பர்த்டே கேக் வெட்டி, போட்டோ போட்டு, போலீஸ் ஜீப் ஏறின பசங்க நியூஸ் அடிக்கடி வருதே, பார்த்திருப்பீங்க. கேக்குக்கு அவ்வளவு கார்பன் தேவையில்லை, பிளாஸ்டிக் கத்தியே போதும். கேக் கடையில கேட்டா கேக்கோடயே தருவாங்க.